நிற்கத் தெரிந்த கால்

கபடிப் பயிற்சியில் எனக்குப் பிடித்த காட்சி ஓட்டம் அல்ல, நிறுத்தம். ஆண்கள் ஆடுகளத்தில் நடுக்கோட்டிலிருந்து கடைசிக் கோடு வரை 6.5 மீட்டர்தான். 100 மீட்டர் ஓட்டக்காரர் வேகம் பிடிப்பதற்குள் களமே தீர்ந்துவிடும். பாடிப் போகிற பையனுக்கு வேண்டியது வேறு: இரண்டு எட்டில் வேகம், அடுத்த எட்டில் நிறுத்தம், உடனே திசை மாற்றம். அதற்கு இடுப்பு தாழ வேண்டும், முழங்கால் மடங்க வேண்டும், பாதம் உடலுக்குச் சற்று வெளியே ஊன்ற வேண்டும். விறைத்த காலோடு நின்றால் அதிர்ச்சி முழங்காலில்தான் இறங்கும். வளரும் பிள்ளைகளுக்கு முதலில் நிற்கக் கற்றுக்கொடுக்கிற பயிற்சியாளர்களை அதனாலேயே மதிக்கிறேன்.

தரையில் நைலான் ஏணி விரித்துத் தத்தச் சொல்வதும் நடக்கிறது. படம் எடுக்க அழகுதான்; நம் பாண்டியாட்டத்தின் பணக்காரத் தங்கை. ஆனால் ஏணி யாரையும் ஏமாற்றாது. எதிரே ஒருவன் தோளைச் சாய்த்துப் போக்குக் காட்டி, கணுக்காலுக்குப் பாயும்போதுதான் கண்ணும் காலும் சேர்ந்து வேலை செய்யும். கைகாட்டும் பக்கம் பாய்வது, இருவர் மாறி மாறித் துரத்துவது, இவையே என் கணக்கில் உசத்தி. இத்தனையையும் மூச்சுவிடாமல் ‘கபடி, கபடி’ என்று பாடிக்கொண்டே 30 நொடிக்குள் செய்ய வேண்டும். புதுப் பிள்ளைகள் பலர், கால் சரியாக விழத் தொடங்கியதும் பாட்டை விட்டுவிடுகிறார்கள்.