யங் என்ற பெயரைக் கேட்கும் காது

1973 டிசம்பர் 31 இரவு. சிட்னி நகரில் செக்கர்ஸ் என்ற இரவு விடுதி. புதிதாகக் கூடிய ஒரு ராக் குழு அங்கே முதல் கச்சேரி வாசிக்கிறது. குழுவின் பெயர் ஏசி/டிசி. கிட்டார் வாசித்த மால்கம் யங்குக்கு அப்போது 20 வயது, தம்பி ஆங்கஸ் யங்குக்கு 18. அதே வாரத்தில், உலகத்தின் மறுபக்கம், அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 55 வயது மனிதர் ஒருவர் மேயராகப் பொறுப்பேற்றார். அந்த நகருக்குக் கிடைத்த முதல் கறுப்பின மேயர் அவர்தான். பெயர் கோல்மன் யங்.

சிட்னி யங்குகளுக்கும் டெட்ராய்ட் யங்குக்கும் சொந்தம் கிடையாது. ஒரே வாரத்தில் இரு தரப்பு வாழ்க்கையும் திரும்பியது தற்செயல். ஆனால் இந்தத் தற்செயலைப் பிடித்துக்கொண்டு போனால் ராக் இசையும் நகராட்சி அரசியலும் பக்கம் பக்கமாகத் தெரியத் தொடங்கும். ஒரே குடும்பப் பெயர் கொண்டவர்களைச் சேர்த்து வைத்துப் படிப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். அதை எப்படிச் செய்தால் சுவை கூடும் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நமக்கு இதில் ஒரு சிறு தடை உண்டு. தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் இல்லை. அப்பாவின் பெயர் ஒற்றை எழுத்தாக முன்னால் நிற்கும். அடுத்த தலைமுறையில் அந்த எழுத்தும் மாறிவிடும். சாதிப் பெயரை ஒட்டிக்கொள்ளும் வழக்கத்தை விடும்படி 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. அதன் பலனை இன்றும் அனுபவிக்கிறோம். அதனால் ஒரே பின்பெயரோடு இரண்டு பேரைப் பார்த்தால் ‘அண்ணன் தம்பியா? ஒரே வகையறாவா?’ என்றுதான் முதலில் கேட்போம். அந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டு, ‘இந்தப் பெயர் இவரிடம் எந்த வழியாக வந்து சேர்ந்தது?’ என்று கேளுங்கள். ரசனை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

யங் என்றால் ‘இளையவன்’. ஒரே வீட்டில், ஒரே ஊரில் ஒரே பெயரோடு இரண்டு பேர் இருந்தால் சின்னவரை அடையாளம் காட்ட வைத்த பட்டம் அது. நம் ஊரில் பெரியசாமி, சின்னசாமி என்று பிரிப்போமே, அந்த மாதிரி. ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்திலும் அந்தப் பட்டம் தலைமுறைகளுக்கு நிலைத்துவிட்டது.

ஏசி/டிசி குடும்பத்துக்குப் பெயர் வந்த வழி நேரானது. கிளாஸ்கோவின் கிரான்ஹில் பகுதியில் எட்டுப் பிள்ளைகளோடு இருந்த தொழிலாளர் குடும்பம். 1963-இல் அதில் பெரும்பகுதி ஆஸ்திரேலியாவுக்கு விமானமேறியது. முதலில் புகழ் பெற்றவர் அண்ணன் ஜார்ஜ். ஈசிபீட்ஸ் குழுவில் இருந்தார். அவரும் குழுத்தோழர் ஹாரி வாண்டாவும் எழுதிய ‘ஃப்ரைடே ஆன் மை மைண்ட்’ 1966-இல் பல நாடுகளில் ஓடியது. பிறகு தம்பிகளின் முதல் ஆல்பங்களைத் தயாரித்துக் கொடுத்ததும் இவர்கள் இருவரே. பிரிட்டனிலேயே தங்கிவிட்ட இன்னொரு அண்ணன் அலெக்ஸும் இசைக்காரர்தான். ஆனால் அவர் யங் என்ற பெயரைக் கழற்றி வைத்துவிட்டு, ஜார்ஜ் அலெக்ஸாண்டர் என்ற பெயரில் கிரேப்ஃப்ரூட் குழுவில் பாடினார். ஒரே வீட்டில் ஒருவர் பெயரைத் தூக்கிப் பிடிக்கிறார், ஒருவர் விட்டுவிடுகிறார். பெயர் படிப்பவர்கள் இப்படிப்பட்ட இடங்களில் நின்று நிதானிக்க வேண்டும். இதற்கு எதிர்த்திசையிலும் ஆள் உண்டு: யங்பிளட்ஸ் குழுவின் ஜெஸ்ஸி காலின் யங் பிறந்தபோது பெர்ரி மில்லர். யங் என்பது அவர் தானே சூட்டிக்கொண்டது.

கோல்மன் யங் பிறந்தது 1918-இல், அலபாமா மாநிலத்தின் டஸ்கலூசா ஊரில். சிறு வயதிலேயே குடும்பம் டெட்ராய்ட்டுக்குக் குடிபெயர்ந்தது. தெற்கத்திய கறுப்பின மக்கள் பலரின் ஆங்கிலக் குடும்பப் பெயர்கள் அடிமைக் காலத்திலிருந்து வந்தவை. எஜமானின் பெயரே தங்கிவிட்டதும் உண்டு, விடுதலைக்குப் பின் தாங்களே தேர்ந்தெடுத்ததும் உண்டு. எழுத்து ஒன்றுதான் என்றாலும், கிளாஸ்கோவில் பட்டமாகத் தொடங்கிய பெயர் அலபாமாவில் ஒலிக்கும்போது பின்னால் பருத்திக் காடுகள் இருக்கின்றன. இந்த வேறுபாடு காதில் விழாவிட்டால் பெயர் ஒற்றுமை வெறும் விடுகதையாகிவிடும்.

மூன்றாவது யங்கை இங்கே கொண்டுவர வேண்டும். கனடாவின் நீல் யங், 1945-இல் டொரண்டோவில் பிறந்தவர். அப்பா ஸ்காட் யங் பெயர்பெற்ற பத்திரிகையாளர். நீல் 1970-இல் ‘சதர்ன் மேன்’, 1972-இல் ‘அலபாமா’ என்று தெற்கின் நிறவெறியைச் சாடி இரண்டு பாடல்கள் பாடினார். அதற்குக் கோபமாக 1974-இல் லினர்ட் ஸ்கினர்ட் குழு ‘ஸ்வீட் ஹோம் அலபாமா’வைக் கொண்டுவந்தது. அந்தப் பாட்டு யங்கைப் பெயர் சொல்லியே அழைக்கிறது. அலபாமாவைப் போற்றும் பாட்டில் யங் என்ற பெயர் ஒலிக்கிற அந்த 1974-இல், அலபாமாவில் பிறந்த ஒரு யங் வடக்கே ஒரு பெருநகரத்தை ஆண்டுகொண்டிருந்தார். பாட்டை எழுதியவர்கள் இதை நினைத்திருக்கமாட்டார்கள். ஆனால் எனக்கு அந்தப் பாட்டைக் கேட்கும்போதெல்லாம் கோல்மன் யங் நினைவுக்கு வந்துவிடுகிறார். ஸ்கினர்ட்டின் பாடகர் ரானி வான் ஸாண்ட், 1977 ஆல்பத்தின் அட்டையில் நீல் யங்கின் படம் போட்ட பனியனோடு நிற்கிறார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சண்டை பாட்டோடு முடிந்தது.

இப்போது குரல்களைக் கேட்போம். 1952-இல் கம்யூனிஸ்டுகளைத் தேடி வந்த நாடாளுமன்ற விசாரணைக் குழு டெட்ராய்ட்டில் உட்கார்ந்தது. கோல்மன் யங்கை விசாரித்த வழக்கறிஞர், அக்காலத்தில் கறுப்பினத்தவரைக் குறித்த சொல்லைத் தெற்கத்திய வெள்ளையர் பாணியில் சிதைத்து உச்சரித்தார். யங் விடவில்லை. உச்சரிப்பைத் திருத்திய பிறகுதான் மேலே பேசினார். அந்த விசாரணையின் பேச்சு இசைத்தட்டாக வந்து டெட்ராய்ட்டின் கறுப்பினக் குடியிருப்புகளில் சுற்றியது. ஓர் அரசியல்வாதியின் புகழ் இசைத்தட்டில் ஏறிப் பரவிய இந்தச் செய்தியை ராக் ரசிகர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

மேயரான பிறகும் பேச்சு அப்படியேதான். பதவியேற்பு உரையில், குற்றவாளிகளே, எட்டு மைல் சாலையைத் தாண்டி ஓடுங்கள் என்றார். எட்டு மைல் சாலை டெட்ராய்ட்டின் வடக்கு எல்லை. அதற்கப்பால் வெள்ளையர் வாழும் புறநகர்கள். திருடர்களை நம் பக்கம் துரத்துகிறார் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அந்த மனக்கசப்பு அவருடைய இருபது வருட ஆட்சி முழுவதும் தீரவில்லை. கறுப்பின மக்கள் அஞ்சிய ஒரு காவல் பிரிவைக் கலைத்தவர் அவர்தான். 1981-இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைக்காகப் போல்டவுன் பகுதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை இடிக்க வைத்தவரும் அவர்தான். இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் அவரை மதிப்பிட முடியாது.

அட்லாண்டாவின் ஆண்ட்ரூ யங் வேறு சுருதி. நியூ ஆர்லியன்ஸில் ஒரு பல் மருத்துவரின் மகனாக 1932-இல் பிறந்த பாதிரியார். மார்ட்டின் லூதர் கிங்கின் நெருங்கிய தோழர். 1968-இல் மெம்ஃபிஸ் விடுதியில் கிங் சுடப்பட்டபோது அங்கே இருந்தவர். ஐ.நா.வுக்கான அமெரிக்கத் தூதராக இருந்துவிட்டு, 1982 முதல் 1990 வரை அட்லாண்டா மேயர். கோல்மன் முட்டி மோதிய இடத்தில் இவர் உட்கார்ந்து பேசுவார். அட்லாண்டாவுக்கு 1996 ஒலிம்பிக்ஸ் வந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அவருக்கு முன்னும் பின்னும் அந்த நாற்காலியில் இருந்தவர் ஒரே ஆள், மேனார்ட் ஜாக்சன். ஜாக்சன், யங், மறுபடி ஜாக்சன்: இசைப் பைத்தியங்களுக்கு அட்லாண்டா மேயர் பட்டியலே ஒரு விருந்து.

இந்த இரண்டு மேயர்களையும் மனத்தில் வைத்துக்கொண்டு மால்கம், ஆங்கஸ் கிட்டார்களுக்குத் திரும்புங்கள். பள்ளிச் சீருடையில் மேடை முழுக்கத் துள்ளும் ஆங்கஸைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். காதை மால்கமிடம் கொடுங்கள். பின்னால், ஒலிபெருக்கிப் பெட்டிகளை ஒட்டி நின்றுகொண்டு, தாளக்கட்டை ஓர் இழை பிசகாமல் பிடித்திருப்பவர் அவர். நாற்பது வருடம் அதையே செய்தார். 1980-இல் வந்த ‘பேக் இன் பிளாக்’ ஆல்பத்தை ஹெட்போனில் கேட்டால் ஒரு காதில் அண்ணன், மறு காதில் தம்பி என்று கிட்டார்கள் பிரிந்து நிற்பது தெரியும். முன்னால் துள்ளுகிறவர் இல்லாமல் அந்தக் குழுவுக்கு முகம் இல்லை. பின்னால் நிற்பவர் இல்லாமல் குழுவே இல்லை. 2014-இல் மால்கம் உடல்நலம் குன்றி விலகியபோது அந்த இடத்துக்கு வந்தவரும் ஒரு யங்தான், அண்ணன் மகன் ஸ்டீவி. 2017-இல், ஒரு மாத இடைவெளிக்குள், ஜார்ஜும் மால்கமும் காலமானார்கள்.

ஓர் எச்சரிக்கை. இப்படிப் படிக்கும்போது, இல்லாத உறவைக் கற்பிக்கும் ஆசை வரும். கோல்மனும் ஆண்ட்ரூவும் தூரத்துச் சொந்தமாக இருக்கலாம், நீல் யங்கின் முன்னோரும் கிளாஸ்கோ யங்குகளும் ஒரே கொடியாக இருக்கலாம் என்றெல்லாம் மனம் ஓடும். சான்று இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள். பொய்ச் சொந்தம் கட்டினால் உண்மையான தற்செயலின் அழகு போய்விடும்.

பயணம் போகிற வாய்ப்பு உள்ளவர்களுக்கு இரண்டு இடம் சொல்கிறேன். டெட்ராய்ட்டின் நகராட்சிக் கட்டடத்துக்கு இன்று கோல்மன் யங்கின் பெயர். வாசலில் ‘டெட்ராய்ட்டின் ஆன்மா’ என்ற பச்சைப் பிரம்மாண்டச் சிலை உட்கார்ந்திருக்கும். இன்னொன்று மெல்பர்னில். ஏசி/டிசி 1976-இல் திறந்த லாரியில் வாசித்தபடி படம் பிடித்த ஸ்வான்ஸ்டன் தெரு அந்த ஊரில்தான் இருக்கிறது. அதற்குச் சற்றுத் தொலைவில், ஃபிளிண்டர்ஸ் லேனிலிருந்து ஒரு குறுகிய சந்து பிரியும். 2004-இல் மெல்பர்ன் நகர மன்றம் வாக்கெடுத்து அந்தச் சந்துக்கு ஏசிடிசி என்று பெயர் வைத்தது. தெருப் பெயரில் சாய்கோடு வரக்கூடாது என்பதால் நடுவில் கோடு இல்லை. அதற்கு முன் அந்தச் சந்தின் பெயர் கார்ப்பரேஷன் லேன்.