ஒரு கட்டு, ஏழு நூல், ஒரு பெயர்

பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சிறுபிரசுரங்கள் பல தனியே கிடைப்பதில்லை. கண்டனம், அந்தாதி, அம்மானை என ஆறேழைச் சேர்த்து ஒரே அட்டைக்குள் தைத்திருப்பார்கள். பெரும்பாலும் வைத்திருந்தவர் பின்னாளில் செய்வித்த வேலை. பட்டியலில் ஏறுவதோ முதலாவதன் தலைப்பு மட்டும். ஏனையவை அலுமாரியில் இருந்தும் இல்லாதவை.

விதி இல்லாமலில்லை. மார்க் பதிவமைப்பின் 501ஆம் புலம் இதற்கென்றே உள்ளது: தலைப்புக்கொரு பதிவு, ஒவ்வொன்றிலும் எவற்றுடன் கட்டப்பட்டதென்ற குறிப்பு. மைக்ரோபிலிம் சுருளுக்கும் அதுவே. ஏழு நூலுக்கு ஏழு பதிவென்றால் செலவும் ஏழு மடங்கு. தமிழ் வாசிக்கத் தெரிந்தவரும் வேண்டும். ஆகவே இதை வெறும் சோம்பலென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எதை முதலில் வைத்துத் தைத்தார் என்ற தற்செயல், எந்நூல் உண்டு, எது இல்லையென்று தீர்மானிப்பதை எப்படி ஏற்பது? சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தின் விவரண அட்டவணைகள் ஓலைக்கட்டின் உள்ளிருக்கும் நூல்களைத் தனித்தனியே குறித்தன. (கணினி வருவதற்கு வெகுகாலம் முன்பு!)

1981இல் யாழ் நூலகத்தோடு எரிந்தவை ஏறத்தாழ 97,000 நூல்கள். அவற்றின் வேறு பிரதிகளை நாம் தேடவேண்டியது பிறநாட்டு நூலகங்களின் இத்தகைய கட்டுகளுக்குள்ளும்தான். பட்டியலை மட்டும் பார்த்து 'கிடைக்கவில்லை' என்று அடிக்குறிப்பு எழுதும் நமது ஆய்வாளர்கள் கட்டைக் கேட்டு வாங்கிப் பிரித்துப் பார்க்கட்டும். உள்ளிருக்கும் தலைப்புகளை எழுதி நூலகரிடமும் கொடுக்கட்டும்.