எர்த் வயரும் உப்புக் காற்றும்

வீட்டிலேயே கட்டிய 12 வோல்ட் பவர் சப்ளைமீது எனக்கு மதிப்பு உண்டு. இரும்புக் கரு டிரான்ஸ்பார்மர், நாலு டையோடு, ஒரு கண்டன்சர், ஒரு 7812 ரெகுலேட்டர். எது போனாலும் மாற்றிவிடலாம். மீமிசல் போன்ற உப்புக் காற்று ஊரில் அது சின்ன விஷயமில்லை. மின்வாரிய லைனுக்கும் நம் கைக்கும் நடுவே டிரான்ஸ்பார்மர் ஒரு தடுப்பாக நிற்பது அதைவிடப் பெரிய பலம்.

அந்தப் பலத்தை நம்பித்தான் பலர் எர்த்தை விட்டுவிடுகிறார்கள். "12 வோல்ட்டுதானே, என்ன செய்யும்?" என்பார்கள். அதே தகரப் பெட்டிக்குள் 230 வோல்ட்டும் நுழைகிறது. பேஸ் வயரின் உறை தேய்ந்து பெட்டியில் பட்டால், இரண்டு வயர் கார்டில் ஃபியூஸ் போகாது. யாராவது தொடும்வரை பெட்டி உயிரோடு இருக்கும்.

மூன்று வயர் போட்டவர்களிலும் பலர் எர்த்தை டிரான்ஸ்பார்மர் ஸ்க்ரூவிலேயே, பெயின்ட்டின் மேலேயே முறுக்கிவிடுகிறார்கள். சூட்டிலும் அதிர்விலும் ஸ்க்ரூ தளரும். அடியில் துரு ஏறும். எர்த்துக்குத் தனி போல்ட் வேண்டும். பெயின்ட்டைச் சுரண்டி, வளைய லக், பல் வாஷர், நட் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் தடவ வேண்டும். பெட்டிக்குள் எர்த் வயர் மற்ற இரண்டையும்விட நீளமாக இருக்கட்டும். கார்டை யாராவது இழுத்தால் அது கடைசியாகத்தான் அறும்.

டிசி நெகட்டிவையும் எர்த் செய்ய வேண்டுமா என்பதில்தான் வாக்குவாதம். செய்தால், டிரான்ஸ்பார்மரின் உள் காப்பு உடைந்தாலும் வெளியீட்டில் லைன் வோல்டேஜ் ஏறி நிற்காது. ஆனால் ஆம்ப்ளிஃபயரில் ஹம் வரலாம். இரண்டு சப்ளைகளை வரிசையில் இணைக்கும்போது ஷார்ட் ஆகலாம். பெட்டிக்கு எர்த் எப்போதும் கட்டாயம். நெகட்டிவுக்குக் கழற்றக்கூடிய லிங்க் போதும் என்பது என் முடிவு. லிங்க்கைக் கழற்றுபவர், பிரைமரியும் செகண்டரியும் தனித்தனி அறைகளில் சுற்றிய டிரான்ஸ்பார்மரை வாங்க வேண்டும்.

இவ்வளவும் சுவரில் உள்ள எர்த்தை நம்பியே நிற்கிறது. சில பிளக் பாயின்ட்டுகளில் எர்த் முனையை நியூட்ரலோடு இணைத்துவிடுகிறார்கள். டெஸ்ட் லாம்ப் பளிச்சென்று எரியும். எதுவும் தப்பாகத் தெரியாது. நியூட்ரல் அறுந்த அன்று, ஓடிக்கொண்டிருக்கும் ஏதாவது ஒரு சாதனத்தின் வழியாகப் பெட்டிக்கே பேஸ் வந்துவிடும். இதைவிட ஆபத்தான வழக்கம் வேறில்லை.

உண்மையான எர்த் இருந்தாலும் கணக்குப் பார்க்க வேண்டும். எர்த் குழாயின் தடை 50 ஓம் என்றால், பேஸ் பெட்டியில் படும்போது ஓடுவது 4.6 ஆம்பியர். பெட்டியின் 1 ஆம்பியர் ஃபியூஸ் எரியும். 16 ஆம்பியர் எம்சிபி அசையாது. பழுது ஃபியூஸுக்கு முன்னால் என்றால் பெட்டி உயிரோடேயே நிற்கும். ஆகவே ஃபியூஸ், பேஸ் வயரில், கார்டு நுழையும் இடத்தை ஒட்டியே இருக்க வேண்டும். வீட்டுக்கு, மின்கசிவைக் கண்டதும் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபியும் வேண்டும். உண்மையான எர்த்தும் உள்ள வீட்டில் அதை நியூட்ரலோடு இணைத்திருந்தால், ஆர்சிசிபி அடிக்கடி டிரிப் ஆகும். அப்போது கழற்ற வேண்டியது அந்த இணைப்பை, ஆர்சிசிபியை அல்ல.

கடலோர உவர் மண் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அதே மண்தான் ஜிஐ குழாயையும் கிளாம்பையும் அரிக்கும். முதல் வருடம் அளந்த நல்ல தடையை நம்பிப் பிறகு அளக்காமலே விடுவது இங்கே பெரிய தவறு. கோடையில், மண் காய்ந்திருக்கும்போது, திரும்ப அளக்க வேண்டும். எர்த் குழியில் கரியோடு உப்பும் கொட்டும் பழக்கம் உள்நாட்டுக் காய்ந்த மண்ணுக்கு உதவும். ஏற்கெனவே உவர்ந்த மண்ணில் அது துருவைத்தான் விரைவுபடுத்தும். அந்தச் செலவைத் தடித்த குழாய்க்கோ செம்புக் கம்பிக்கோ போடலாம்.