நூறு பை எண்பத்திரண்டு

நாலு வயதுப் பையன். ஐந்து நாளாகக் காய்ச்சல், இன்று காலையிலிருந்து இல்லை. "ஜுரம் விட்டுடுச்சு டாக்டர், ஆனா தூங்கிக்கிட்டே இருக்கான், எழுப்பினா முனகறான்" என்கிறார் அம்மா. நாடித்துடிப்பு 150. ரத்த அழுத்தம் 100/82. சிமுலேஷன் வகுப்புக்காக ஆசிரியர் எழுதிவைத்த தாளில் இவ்வளவுதான் இருக்கிறது. டெங்கு என்ற சொல் எங்கும் கிடையாது.

என்னைச் சொக்கவைப்பது அந்த 100/82. மானிட்டரில் அதைப் பார்க்கும் இறுதியாண்டு மாணவரின் கண் நூறிலேயே நின்றுவிடும். வயதை இரண்டால் பெருக்கி எழுபதைக் கூட்டினால் வருவது 78. நாலு வயதில் அதற்குக் கீழே போனால்தான் அழுத்தம் குறைவு என்று அவர் படித்திருக்கிறார். ஆகவே நூறு என்றதும் தோள்கள் தளர்கின்றன. நூறிலிருந்து எண்பத்திரண்டைக் கழித்துப் பார்ப்பவருக்கோ வயிற்றைக் கலக்கும். இந்த நோயில் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் உள்ள இடைவெளி இருபதுக்கு வந்துவிட்டாலே குழந்தை ஷாக்கில் இருக்கிறது என்று பொருள், இங்கே பதினெட்டு. காய்ச்சல் விட்ட பின்னும் நாடி 150-ல் ஓடுவதும், எழுப்பினால் முனகுவதும் அதே கதையைத்தான் சொல்கின்றன. அம்மா நிம்மதியோடு சொன்ன "ஜுரம் விட்டுடுச்சு" கூட அபாய அறிவிப்புதான். டெங்குவின் மோசமான கட்டம் காய்ச்சல் இறங்கும் வேளையில்தான் தொடங்குகிறது. துப்புகள் எல்லாமே கண்ணெதிரில் கிடக்கின்றன, எதையும் ஒளித்து வைக்கவில்லை. இப்படி ஒரு தாள் எழுதக் குழந்தை மருத்துவம் தெரிந்தால் மட்டும் போதாது. மாணவரின் கண் எங்கே இளைப்பாறும் என்றும் தெரிந்திருக்க வேண்டும்.

குழந்தைகளின் உடல் கடைசிவரை சமாளிக்கும். ரத்தக் குழாய்களை இறுக்கிக்கொண்டு, இதயத்தை வேகமாக ஓட்டி, அழுத்தத்தைப் பிடித்து நிறுத்தும். பிறகு ஒரேயடியாகச் சரியும். சரியும் முன்னால் கண்டுபிடிக்க வேண்டும் என்பதுதான் பாடம். ஆனால் நிஜ வார்டில் இப்படி ஒரு குழந்தை வந்தால் மாணவரை யாரும் கிட்டே விடமாட்டார்கள். சுவரோரமாக நின்று பெரிய டாக்டர்களின் முதுகைப் பார்த்துவிட்டு வருவார். முதல்முறையாக முடிவெடுக்கும் வாய்ப்பு சிமுலேஷன் வகுப்பின் பொம்மையிடம்தான் கிடைக்கிறது.

கண்ணாடிக்குப் பின்னால் கணினியோடு உட்கார்ந்து பொம்மையை இயக்குபவர்தான் எனக்கு இந்தக் கலையின் நாயகர். பாடகரின் மூச்சைக் கவனித்து வாசிக்கும் மிருதங்க வித்வானைப் போல, மாணவர் போகும் போக்கில் தானும் போகிறார். மாணவர் தயங்கும் இடத்தில் அடக்கி வாசிக்கிறார். மாணவர் எடையை 16 கிலோ என்று கணித்து, கிலோவுக்கு 10 மி.லி. வீதம் 160 மி.லி. நார்மல் சலைனை ஒரு மணி நேரத்தில் ஏற்றச் சொன்னால், நேரத்தைச் சுருக்கி, நாடியை 150-லிருந்து 138, பிறகு 126 என்று மெல்ல இறக்குவார். மாணவர் பதற்றத்தில் பாட்டில் பாட்டிலாகத் திறந்துவிட்டாலும் உடனே தண்டிக்கமாட்டார். டெங்குவில் ரத்தக் குழாய்கள் கசிபவை. மிகையாக ஏற்றிய நீர் நுரையீரலுக்குத்தான் போகும். அதற்குச் சற்று நேரம் பிடிக்கும் என்பதால் அவரும் காத்திருப்பார். பிறகு பொம்மையின் மூச்சு கொஞ்சம் வேகமாகும். ஆக்ஸிஜன் அளவு குறையக் குறைய பல்ஸ் ஆக்ஸிமீட்டரின் 'பீப்' ஒலி சுருதி இறங்கும். திரையைப் பார்க்காமல் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்த மாணவரின் தலை அந்த ஒலிக்குச் சட்டென்று திரும்புகிறதே, அந்த ஒரு நொடிக்காகவே நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பேன்.

அம்மாவாக நடிப்பது பெரும்பாலும் அனுபவமுள்ள ஒரு சிஸ்டர். மோசமாக நடிப்பவர் ஓலமிட்டு அறையையே கைப்பற்றிக்கொள்வார். நன்றாக நடிப்பவர் ஓரமாக நின்று குழந்தையின் காலைத் தடவிக்கொண்டே இருப்பார்; மாணவர் மனக்கணக்குப் போடும் நேரமாகப் பார்த்து, "காலையில ரெண்டு இட்லி சாப்பிட்டான் சார், அதனாலயா?" என்பார். கணக்கு அறுந்துபோகும். அதற்குப் பதில் சொல்லிவிட்டுக் கணக்குக்குத் திரும்பும் மாணவரை நான் குறித்து வைத்துக்கொள்வேன். "யாராவது வென்ஃப்ளான் போடுங்க" என்று, நரம்பில் குழாய் போடச் சொல்லிக் காற்றைப் பார்த்து உத்தரவிடுபவரையும்தான். மூன்று பேர் இருக்கும் அறையில் அந்த யாராவது பெரும்பாலும் யாருமில்லை.

பொம்மைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 18-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் மருத்துவச்சி மதாம் தூ குத்ரே, துணியாலும் தோலாலும் செய்த இடுப்பையும் குழந்தையையும் சுமந்துகொண்டு, மன்னர் பதினைந்தாம் லூயியின் ஆணையோடு ஊர் ஊராகப் போய்ப் பிரசவம் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். அந்தப் பொம்மைகளில் ஒன்று ரூவான் நகர அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. 1960-ல் நார்வேயின் பொம்மைத் தயாரிப்பாளர் ஆஸ்மண்ட் லார்டல் மூச்சு ஊதிப் பழகும் பொம்மையைக் கொண்டுவந்தார். இன்றைக்குக் கண்ணீர் விடும், விரலைக் கண்ணால் தொடரும், அம்மாவைக் கூப்பிடும் பொம்மைகள் விற்பனைக்கு இருக்கின்றன. ஆனால் என் ஓட்டு 2010-ஐ ஒட்டி வந்த நியோநாட்டலி என்ற எளிய பொம்மைக்குத்தான். அதில் மின்சாரம் கிடையாது. உள்ளே வெதுவெதுப்பான தண்ணீரை நிரப்பினால் பச்சைக் குழந்தையின் எடையும் துவளலும் வந்துவிடும். கையில் வாங்கியதும் கழுத்து சாய்கிறது, அடுத்த கை தானாக அதைத் தாங்கப் போகிறது. ரப்பர் குமிழை அமுக்கித்தான் தொப்புள்கொடியில் துடிப்பு வரவைக்க வேண்டும். எலும்புக்குள் ஊசி ஏற்றிப் பழகக் கோழிக்காலைப் பயன்படுத்தும் ஆசிரியர்களும் இதே கட்சிதான். நரம்பு கிடைக்காத குழந்தைக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஊசியைத் திருகி இறக்கும்போது, எதிர்ப்பு சட்டென்று விட்டுப்போகும் ஓர் இடம் உண்டு. அந்த உணர்வைக் கோழி கசாப்புக் கடை விலையில் தருகிறது.

விலையுயர்ந்த பொம்மைக்கும் கை ஜில்லிட வைக்கத் தெரியாது. மாணவர் கையைத் தொட்டதும், "ஜில்லுன்னு இருக்கு" என்று ஆசிரியர் சொல்கிறார். தொடாதவருக்குச் சொல்வதில்லை. சின்ன விதிதான், ஆனால் தொட்டுப் பார்க்கும் பழக்கம் இதில்தான் உருவாகிறது.

பொம்மையைச் சாகவிடலாமா என்று இந்தத் துறையில் ஓயாத வாதம் ஒன்று உண்டு. என் கட்சி: மாணவர்களுக்கு வேண்டாம். மரணச் செய்தியைப் பெற்றோரிடம் சொல்லப் பழகுவதற்கென்றே வைத்த வகுப்பானால் சரி. இல்லையென்றால் அந்த அறையிலிருந்து எடுத்துப் போவது பயம் மட்டும்தான்.

காட்சி முடிந்து விளக்கு போட்டபின் நடக்கும் உரையாடல் பெரும்பாலும் காட்சியைவிட நீளம். பாஸ்டனில் ஜென்னி ருடால்ஃபும் சகாக்களும் வகுத்த வழி எனக்குப் பிடித்தமானது: ஆசிரியர் தான் கண்டதைச் சொல்கிறார், அதைப் பற்றித் தன் கவலையை ஒளிக்காமல் சொல்கிறார், பிறகு உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆவலோடு கேட்கிறார். "ரத்த அழுத்தத்தைப் பார்த்ததும் நீங்க கையைத் தொடாம விட்டீங்க. ஷாக் தப்பிப்போகுமோன்னு எனக்குப் பயமா இருந்தது. அந்த நேரத்துல உங்க மனசுல என்ன ஓடிச்சு?" வரும் பதில் பலமுறை ஆசிரியர் எதிர்பாராததாக இருக்கும். ஜான்ஸ் ஹாப்கின்ஸின் எலிசபெத் ஹன்ட்டின் முறை வேறு. தவறு நடந்த அந்த நொடியிலேயே நிறுத்து, பத்து நொடி பின்னால் போ, திரும்பச் செய். நெஞ்சு அழுத்தும்போது குழந்தையின் மார்பு ஆழத்தில் மூன்றிலொரு பங்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 என்று கைக்குப் பழக்க வேண்டியவற்றுக்கு இதுவே சிறந்தது. கழித்தல் கணக்குப் போன்ற சிந்தனைக்கு முதல் முறை. இரண்டையும் எங்கே வைப்பது என்று தெரிந்த ஆசிரியர்கள் கொஞ்சம் பேர்தான்.

2019-ல் வந்த புதிய பாடத்திட்டத்துக்குப் பின் நம் மருத்துவக் கல்லூரிகளில் ஸ்கில் லேப் கட்டாயமாகிவிட்டது. ஆய்வுக் குழு வரும் வாரத்தில் மட்டும் பொம்மையை உறையிலிருந்து வெளியே எடுக்கும் இடங்களும் உண்டு. எந்தக் கல்லூரி எப்படி என்று தெரிந்துகொள்ள என்னிடம் ஒரு வழி இருக்கிறது. ஊசி குத்திப் பழகும் பொம்மைக் கையின் தோல் கழற்றி மாற்றக்கூடியது, ஓட்டை விழுந்தால் புதிதாக வாங்க வேண்டும். போன வருடம் எத்தனை தோல் வாங்கினீர்கள் என்று ஸ்டோர் கீப்பரிடம் கேட்பேன்.