பகலில் ஒலிக்கட்டும் பாட்டாளியின் பாட்டு

இசையென்றால் இரவு என்று எவரோ எழுதாச் சட்டம் இயற்றிவிட்டனர்! வண்ண விளக்கு வேண்டும். வானளாவிய பந்தல் வேண்டும். செவிப்பறை கிழிக்கும் ஒலிபெருக்கி வேண்டும். நள்ளிரவு கடந்தும் நாடகமேடை அதிர வேண்டும். அதுவே கலை, அதுவே விழா என்கின்றனர். பகற்பொழுதில் ஒருவன் பாடினாலோ, "இவனுக்கு வேறு வேலையில்லையா?" என்ற ஏளனம்! எண்ணிப் பாருங்கள் தோழர்களே! தமிழ் நிலத்தின் தொழிற்பாட்டுகள் எப்போது பிறந்தன? நாற்று நடும் நங்கையர் பாட்டு வெயிலிலே பிறந்தது. ஏற்றம் இறைத்தவன் பாட்டு விடியலிலே பிறந்தது. சுண்ணாம்பு இடித்தவள் பாட்டும் வண்டியோட்டியின் பாட்டும் வியர்வையோடு சேர்ந்து பகலிலே பிறந்தவை. உழைப்பின் நேரமே அவற்றின் இசைநேரம். அந்தப் பாட்டைப் பகலினின்று பிரித்து, இரவு மேடையில் ஏற்றிச் சாயம் பூசி ஆடவிடுவது சரியா? இதுவே நம் கேள்வி.

வில்லியனூரையும் பாகூரையும் மனத்திற்கொண்டே இதை எழுதுகிறோம். புதுவையின் ஊர்ப்புறக் கொம்யூன்கள் இவை. பாகூர், ஏரியும் வயலும் சூழ்ந்த நெற்களஞ்சியம். வில்லியனூர், தேரும் திருவிழாவும் கொண்ட பேரூர். பிரஞ்சுக்காரர் ஆண்ட நாளில் ஆளுநரே வந்து வடம் பிடித்த தேர் அது. வடம் பிடித்த துரைமகனின் பெருமை ஊரெங்கும் பேசப்படுகிறது. தேருக்கு முன்னே பறையடித்தவன் பெயரை எவரேனும் அறிவரா? அறியார்! ஏன்? கையை ஏந்திக் கேட்டவர் இருந்தனர். கருத்தில் ஏந்தி எழுதியவர் இல்லை.

பாகூருக்கு மற்றொரு வரலாறு உண்டு. கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில் பொறிக்கப்பட்ட பாகூர்ச் செப்பேடு, அவ்வூரில் இருந்த வடமொழிக் கல்விச்சாலை ஒன்றுக்கு மூன்று ஊர்களின் வருவாயை அளித்த செய்தியைக் கூறுகிறது. கற்றோர்க்கு ஊர்கள் கொடுத்ததைச் செம்பிலே வெட்டினர். அந்த ஊர்களில் நெல் விளைவித்துக் கொடுத்தவள் களத்திலே என்ன பாடினாள் என்பதை ஓலையில்கூட எழுதவில்லை. செம்பும் கல்லும் உடையோர் பக்கம்; காற்று ஒன்றே உழைப்போர் பக்கம்!

ஆனால் பண்டைத் தமிழன் இப்படியா இருந்தான்? தொல்காப்பியர் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களை எண்ணும்போது தெய்வம், உணவு, மரம் என்பவற்றோடு பறையையும் சேர்த்தே எண்ணுகிறார். மருத நிலத்துப் பறைக்கு உரையாசிரியர் தரும் பெயர்களுள் ஒன்று நெல்லரிகிணை. நெல் அரியும்போது முழங்கும் பறை! அஃதாவது பகலில் முழங்கும் பறை, உழைப்புக்குத் துணையான பறை. இளங்கோவடிகளும் நாடுகாண் காதையில் ஏர்மங்கலத்தையும் முகவைப்பாட்டையும் வழிநடையாகக் காட்டுகிறார். பூம்புகாரிலிருந்து மதுரை நோக்கி நடந்த காலடிகள் உழவரின் பாட்டைக் கேட்டுக்கொண்டே நடந்தன. காப்பியம் தழுவிக்கொண்ட பாட்டைப் பின்வந்த சாதிக்கட்டு தள்ளிவைத்தது. பறை சாவுக்கு என்றனர். பறையடிப்பவன் சேரிக்கு என்றனர். கருவி இழிந்ததன்று, கருவியைத் தொட்ட கையை இழிவாக்கியதால் கருவிக்கும் இழிவு ஏறிற்று.

இந்தக் கொடுமை நமக்கு மட்டும் உரியதா? பல்லாயிரம் கல் தொலைவிலுள்ள ஸ்காட்லாந்தைச் சற்றே பார்ப்போம். குளிரும் குன்றுமான சிறு நாடு. அங்கே உழவன் மகனாக 1759-இல் பிறந்த ராபர்ட் பர்ன்ஸ் ஏரைப் பிடித்த கையாலேயே எழுதுகோலையும் பிடித்தான். மதப் போலிகளை நகைத்துப் பாடினான். புகழ் வந்தபின் அவன் செய்த பெரும்பணி என்ன? ஊரூராகச் சிதறிக் கிடந்த பாட்டுகளைத் திரட்டினான், தேய்ந்தவற்றைச் செப்பனிட்டான். ஜேம்ஸ் ஜான்சன் 1787 முதல் 1803 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட ஏறத்தாழ 600 பாட்டுகளில், மூன்றில் ஒரு பங்கு அவன் கைபட்டவை. அதற்கு அவன் ஊதியமே பெறவில்லை.

இருந்தும் பாட்டுக்குக் கிடைத்த மதிப்புப் பாடுவோருக்குக் கிடைத்ததா? இல்லை. அந்நாட்டில் ஊர்சுற்றி வாழும் நாடோடி மக்கள் உண்டு. தகரப் பாத்திரம் அடைப்பதும், பண்ணையில் கூலிவேலை செய்வதும், ஆற்றில் முத்தெடுப்பதும் அவர்கள் தொழிலாக இருந்தன. அவர்களின் தொழிற்பெயரே வசைச்சொல்லாயிற்று. கேட்டதும் எந்தச் சொல் உங்கள் நினைவுக்கு வருகிறது தோழர்களே? ஒரு கருவியின் பெயர் ஒரு குலத்தின் இழிபெயரான நம் நாட்டுக் கதைதானே அங்கும்!

அந்த இழிவை உடைத்தவர்கள் யார்? 1951-இல் எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் ஸ்காட்லாந்து ஆய்வுப் பள்ளி தோன்றியது. கவிஞரும் போர்வீரருமான ஹேமிஷ் ஹெண்டர்சன் ஒலிப்பதிவுக் கருவியோடு ஊரூராகச் சென்றார். அதே ஆண்டில், எடின்பரோவின் பெரிய கலைவிழா உள்ளூர் மக்களின் பாட்டைக் கண்டுகொள்ளாதபோது, தொழிலாளர் இயக்கத்தாரின் துணையோடு மக்கள் விழா ஒன்று எடுத்து, பண்ணைக்காரரையும் நாடோடிப் பாடகரையும் ஒரே அவையில் பாடச்செய்தார். 1953-இல் அபர்டீன் நகரில் ஜீனி ராபர்ட்சன் என்னும் நாடோடிக் குலத்து அம்மையாரின் கதவைத் தட்டினார். கதவு திறந்தது, ஒரு கருவூலமும் திறந்தது! பல நூற்றாண்டுக் கதைப்பாட்டுகள் அந்த அம்மையாரின் நெஞ்சில் இருந்தன. 1968-இல் பிரித்தானிய அரசு அவருக்கு விருது அளித்தது. அன்று பதிந்த குரல்களில் பலவற்றை இன்று எவரும் இணையத்தில் கேட்கலாம். அங்கே நண்பகலிலும் பிற்பகலிலும் சிறு கூடங்களில், கேட்போரும் பாடுவோரும் ஒருவர் முகம் ஒருவர் காண அமர்ந்து, பழம்பாட்டு இசைக்கும் வழக்கமும் வளர்ந்தது. பெரிய மேடையில்லை, பேரிரைச்சல் இல்லை. ஒரு குரல், ஒரு பிடில், அறிவுக்கண் திறந்த அவை, அவ்வளவே.

இங்கே நிலை என்ன? ஒரேயடியாக இருள் என்று கூறமாட்டோம். 1943-இல் மு. அருணாசலம் 'காற்றிலே மிதந்த கவிதை' தந்தார். 1964-இல் நா. வானமாமலை 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' தந்தார். 2007-இல் சென்னை சங்கமம் ஊர்ப்புறக் கலைஞரை நகரப் பூங்காக்களுக்கு அழைத்துவந்தது. 2020-இல் மார்கழியில் மக்களிசை எழுந்து, மார்கழி எவர் வீட்டு முதுசொத்தும் அன்று என்று முழங்கியது. 2025-இல் மதுரைப் பறைக்கலைஞர் வேலு ஆசானுக்கும் புதுவைத் தவிற்கலைஞர் தட்சிணாமூர்த்திக்கும் பத்மஸ்ரீ விருது ஒரே பட்டியலில் வந்தது. பறையும் தவிலும் அருகருகே அமர்ந்த அந்நாள் மகிழத்தக்க நாளே.

ஆயினும் குறை கூறாமல் விடுவது திறனாய்வு ஆகாது. நாட்டுப் பாட்டு மேடையேறும் முறையைப் பாருங்கள். பாடுவோர் பெயரை அறிவிப்பதில்லை. "கிராமியக் குழுவினர்" என்று ஒரே சொல்லில் முடிக்கின்றனர். பாட்டை இரண்டு நிமிடத்துக்கு நறுக்குகின்றனர். திரையிசைத் தாளத்தை மேலே கொட்டுகின்றனர். பொன்னாடை அமைச்சருக்கு, பொட்டலச் சோறு கலைஞருக்கு! நகரத்துச் சபாக்களிலோ பகல் நேரம் வளரும் இளைஞருக்கு ஒதுக்கும் ஓரத்து நேரம். பாதி நாற்காலிகள் வெறுமை. இரவு பெரியோர்க்கு, பகல் சிறியோர்க்கு என்னும் வருணமுறை நேரத்துக்கும் வந்துவிட்டது.

பாட்டின் உள்ளமைப்பை அறிந்தோர் இப்படிச் செய்வரா? நடவுப்பாட்டை எடுத்துக்கொள்வோம். பாடுபவளின் இரு கைகளும் சேற்றில். கொட்டுக்கு இடமில்லை. ஆகவே மூச்சே தாளம்! குனிந்த உடலுக்கு எவ்வளவு மூச்சு உண்டோ அவ்வளவே அடியின் நீளம். ஒருத்தி எடுக்க, மற்றவர் ஏற்க, எடுப்பவளுக்கு அந்த இடைவெளியில் மூச்சு மீள்கிறது. ஏற்றப்பாட்டிலோ இறைத்த சால்களின் எண்ணிக்கையே பாட்டாகிறது. அது கணக்கேடும் ஆகும், களைப்பாற்றியும் ஆகும். ஸ்காட்லாந்தின் மேலைத்தீவுகளிலும் இதற்கு உறவு உண்டு. நனைந்த கம்பளித் துணியைப் பலகையைச் சுற்றி அமர்ந்து பெண்கள் அடித்துப் பதமாக்கினர். ஒருத்தி அடி எடுத்தாள். மற்றவர் பொருளற்ற ஒலிச்சொற்களால் ஏற்றனர். நம் "தந்தனா"வுக்கும் "ஏலேலோ"வுக்கும் அவை உடன்பிறப்புகள். அங்கே துணி விழும் ஓசை தாளம் தருவதால் அடி குறுகி ஓடுகிறது. இங்கே சேறு ஓசை தராததால் அடி நீண்டு நடக்கிறது. தொழில் மாறினால் இசை மாறும். இதுவே நாட்டு இசையின் இலக்கணம். நடவுப்பாட்டின்மேல் பத்து மேளத்தை ஏற்றினால் கெடுவது அழகு மட்டுமன்று, அறிவும் கெடுகிறது.

எனவே நாம் வேண்டுவது சிறு பகலவை. வில்லியனூரிலும் பாகூரிலும் பள்ளித் தாழ்வாரமும் படிப்பகமும் ஆலமர நிழலும் போதும். நாற்பது பேர் போதும். ஒலிபெருக்கி வேண்டா. ஒரு மணிநேரம், மூன்று பாட்டு, ஒவ்வொன்றும் முழுமையாக. பாடுபவரின் பெயரையும் ஊரையும் முதலில் கூறுக. பாட்டு எந்தத் தொழிலுக்கு உரியது என்பதை அவர் வாயாலேயே விளக்கச் செய்க. இளைஞர் ஒருவர் ஒலிப்பதிவு செய்க, மற்றொருவர் எழுதுக. கூலியைக் கையில் கொடுத்து, நாற்காலியில் அமர்த்தி அனுப்புக.

"பகலில் பாட்டாளி எங்கே வருவான்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. பாட்டாளியின் பகலைப் பறித்தவர் யார், மீட்டவர் யார் என்பதும் புதுவை வரலாற்றில் உண்டு. 1936 சூலை 30 அன்று புதுவை ஆலைத் தொழிலாளர் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. பன்னிரண்டு உயிர்கள் வீழ்ந்தன. அந்தக் குருதியின் பயனாக மறு ஆண்டில் எட்டு மணிநேர வேலைச் சட்டம் வந்தது. ஓய்வுநேரம் கடவுள் கொடுத்ததன்று, கொடுக்கவைத்தது! அந்த ஓய்வின் ஒரு பகுதி ஞாயிற்றுக்கிழமைப் பகலில் இசைக்கு ஆகட்டும்.

புதுவை மண்ணின் பாவேந்தர் பாரதிதாசன் ஆசிரியப் பணியிலே நாளைக் கழித்தவர். 'இசையமுது' நூலில் அவர் யாருக்குப் பாட்டெழுதினார்? வண்டிக்காரனுக்கு, உழத்திக்கு, கோடாலிக்காரனுக்கு, தறித் தொழிலாளிக்கு, கூடை முறம் கட்டுவோருக்கு! தொழிலின் வாயில் தன்மானத்தை ஊட்டினார். அந்தப் பாட்டுகளும் பாட்டிமாரின் பழம்பாட்டுகளும் ஒரே பகலவையில் அடுத்தடுத்து ஒலிக்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழம்பாட்டு என்பதாலேயே அனைத்தையும் தலையில் வைத்துக் கூத்தாடுதல் பகுத்தறிவு ஆகாது. ஆண்டையைத் தெய்வமாக்கும் அடிகள் உண்டு. தலைவிதி என்று தாழ்ந்து அழும் அடிகள் உண்டு. பெண்ணைப் பழிக்கும் அடிகளும் உண்டு. அவற்றை மறைக்கவும் வேண்டா, போற்றவும் வேண்டா. பாடியபின் பேசுக, ஏன் அப்படிப் பாடினர் என்று இளைஞர் கேட்கட்டும். இசையவை அரை மணிநேரம் ஆராய்ச்சி அவையாகட்டும். மற்றொன்று: பறையன் மகன்தான் பறையடிக்க வேண்டும் என்று ஊர் கட்டளையிடுமானால் அது கலைப்பாதுகாப்பு அன்று, அடிமைப்பாதுகாப்பு. விரும்பியவன் எவனும் கற்கட்டும். விரும்பாதவனை எவனும் அழைக்கலாகாது. சாவு வீட்டுக் கட்டாயத்தினின்று பறையை மீட்பதும், மேடைக்குக் கொண்டுவருவதும் ஒரே பணியின் இரு கைகள்.

காலமோ காத்திராது. வயலில் நடவு எந்திரம் வந்துவிட்டது. அறுவடை எந்திரமும் வந்துவிட்டது. வரட்டும்! முதுகு ஒடிந்த உழைப்பு ஒழிவதை வரவேற்கிறோம். நம் தாய்மார் இனிக் குனிய வேண்டா. ஆனால் குனிந்தபோது அவர்கள் ஆக்கிய பாட்டு அவர்களோடு புதைய வேண்டுமா? எம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு, தம் பாட்டிக்கு நூறு பாட்டுத் தெரியும் என்பதைச் சொல்லவும் நாணம். அந்த நாணத்தை ஊட்டியது யார்? பாட்டைப் பாடமாக வைக்காத நாம். பாட்டியை அவைக்கு அழைக்காத நாம்!

ஆகவே இளைஞர்களே, பெருவிழாவுக்குக் காத்திராதீர். அரசாணைக்கும் காத்திராதீர். வருகின்ற ஞாயிறு பகலில், உங்கள் தெருவில் பாடத் தெரிந்த முதியோர் ஒருவரை மதிப்புடன் அழையுங்கள். பாய் விரியுங்கள். அமைதியாகக் கேளுங்கள். செப்பேடு எழுத மறந்ததை உங்கள் குறிப்பேடு எழுதட்டும்!