நிரம்பாத பாத்திரங்கள்

'இந்த வருஷம் படித்ததில் உங்களுக்குப் பிடித்த பாத்திரம் எது?' என்று கேட்பது வாரப் பத்திரிகைக்காரர்களின் வேலை என்று நாம் ஒதுக்கிவிட்டோம். நாவலின் வடிவம் பற்றி எழுதுகிறோம், மொழி பற்றி எழுதுகிறோம், காலப் பிரக்ஞை பற்றி எழுதுகிறோம். ஒரு பாத்திரத்தைப் பிடித்துப் போயிற்று என்று சொல்ல மட்டும் கூச்சமாக இருக்கிறது. ஆனால் புத்தகத்தை மூடி ஆறு மாதம் கழித்து வடிவம் எழுந்து வருவதில்லை. ஒரு மனிதன் வருகிறான், அல்லது ஒரு பெண் வருகிறாள். வந்தது யார், ஏன் அவர் என்று கேட்டுப் பார்ப்பது விமர்சனத்துக்கு வெளியே உள்ள காரியமாக எனக்குத் தோன்றவில்லை.

பாத்திரம் என்ற சொல்லே நமக்கு ஒரு கெட்ட பழக்கத்தைக் கற்றுக் கொடுத்திருக்கிறது. சமையலறையில் அது எதையாவது ஊற்றி வைப்பதற்கான சாமான். நாவலிலும் அப்படித்தான் என்று நாவலாசிரியர்களில் பலர் நினைக்கிறார்கள். விமர்சகர்கள் இன்னும் உறுதியாக நினைக்கிறார்கள். இவன் மத்தியதர வர்க்கத்தின் ஊசலாட்டம், இவள் மரபின் கைதி, அவர் லட்சியவாதத்தின் வீழ்ச்சி. உள்ளே ஊற்றியிருப்பது இன்னதென்று முகர்ந்து சொன்னதும் விமர்சனம் கையைக் கழுவிக்கொள்கிறது. இந்த வருஷம் படித்தவற்றில், பெரும்பாலும் திரும்பப் படித்தவற்றில், என்னிடம் தங்கிவிட்டவர்கள் இந்த முகர்தலுக்கு இடம் கொடுக்காதவர்கள்.

முதலில் தண்டபாணி. தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' (1966) பற்றிய பேச்செல்லாம் அலங்காரத்தம்மாளைச் சுற்றியே நடந்து வந்திருக்கிறது. பாபமா, பிராயச்சித்தமா, தாய்மையா, காமமா என்ற விவாதத்தில் அவளுடைய கணவர் வீட்டு மூலையில் உட்கார்ந்திருப்பவராகவே விடப்பட்டிருக்கிறார். சாஸ்திரம் தெரிந்தவர், ஜோதிடம் பார்ப்பவர். சிவசு வந்து போவது தெரியும். தெரிந்தும் வாய் திறப்பதில்லை. இது கோழைத்தனமா, மனைவியிடம் உள்ள பயமா, வேதாந்தம் கொடுத்த விலகலா, அல்லது காதல்தானா? ஜானகிராமன் அந்த மனசுக்குள் நுழையாமல் இல்லை. நுழைந்தும் ஒரு தீர்ப்பை எடுத்துக்கொண்டு வெளியே வரவில்லை. வேறு ஒருவர் எழுதியிருந்தால் தண்டபாணி தியாகியாகியிருப்பார், அல்லது கேலிச் சித்திரமாகியிருப்பார். இங்கே அவர் ஒரே கூரையின் கீழ் தொடர்ந்து வாழ்கிறார், அவ்வளவுதான். அந்தத் தொடர்ந்து வாழ்தல்தான் நாவலின் மிகக் கடினமான செயல் என்று இம்முறை படிக்கையில் பட்டது.

அடுத்து, அசோகமித்திரனின் 'தண்ணீர்' (1973) நாவலில் வரும் டீச்சரம்மா. சில பக்கங்களே வருகிறாள். வயதில் மிக மூத்த நோயாளிக் கணவன், ஏசும் மாமியார், பள்ளிக்கூட வேலை, குடம் குடமாகத் தண்ணீர். ஜமுனா சாகத் துணிந்து பிழைத்த பிறகு அவளிடம் தன் கல்யாண வாழ்க்கையைச் சொல்கிறாள். ஆறுதல் சொல்லும் குரலில்லை, அறிவுரையும் இல்லை. தெருவில் எந்தக் குழாயில் தண்ணீர் வருகிறது என்று சொல்வதைப் போலச் சொல்லிவிட்டுத் தன் பாட்டைப் பார்க்கப் போய்விடுகிறாள். அதற்குப் பின் ஜமுனாவிடம் ஏதோ மாறுகிறது. எது மாறியது, ஏன் மாறியது என்று ஆசிரியர் ஒரு வாக்கியம்கூட எழுதி வைக்கவில்லை. டீச்சரம்மா எப்படிப் பொறுத்துக்கொள்கிறாள் என்பதற்கும் விடை கிடையாது. அவள் பொறுமையின் சின்னமல்ல. பொறுமையாகவே இருக்கிறாளா என்பதுகூட நிச்சயமில்லை.

தமிழுக்கு வெளியிலிருந்து இரண்டு பேர். அனந்தமூர்த்தியின் கன்னட நாவல் 'சம்ஸ்காரா' (1965) தத்துவக் கனம் முழுவதையும் பிராணேசாசாரியாரின் தோளில் ஏற்றி வைத்திருக்கிறது. நாரணப்பாவின் பிணத்துக்கு யார் கொள்ளி வைப்பது, தர்மம் எது, நான் யார் என்று அவர் திணறிக்கொண்டே அக்கிரகாரத்தை விட்டு நடக்கிறார். வழியில் புட்டன் ஒட்டிக்கொள்கிறான். விடுகதை போடுகிறான், திருவிழாவுக்கு அழைத்துப் போகிறான், கோழிச் சண்டை காட்டுகிறான். உதற முயன்றாலும் போக மாட்டேன் என்கிறான். ஆசாரியார் அவனைத் தன் நெருக்கடியின் ஒரு பகுதியாக்கப் பார்க்கிறார், அவன் ஆவதில்லை. அவனுக்கு வழித்துணை வேண்டும், பேச்சு வேண்டும். நாவலின் பெரிய கேள்விகள் எதுவும் அவன் மேல் ஒட்டவில்லை. ஆனால் அவன் வந்த பிறகுதான் அந்தக் கேள்விகளைச் சுற்றி ஓர் உலகம் இருப்பது நமக்குத் தெரிகிறது.

மற்றவள் சர்வஜயா. விபூதிபூஷணின் 'பதேர் பாஞ்சாலி' (1929) ஆர். ஷண்முகசுந்தரத்தின் மொழிபெயர்ப்பில் தமிழுக்கு வந்தது. துர்க்காவையும் அபுவையும் எல்லோருக்கும் பிடிக்கும். நாதியற்ற கிழவி இந்திர் தாக்ருணை வீட்டை விட்டு விரட்டும் சர்வஜயாவைப் பிடிக்கும் என்று யார் சொல்வது? பிள்ளைகளின் வயிற்றுக்கும் கிழவியின் வயிற்றுக்கும் நடுவில் நின்று அவள் கொடுமைக்காரியாகிறாள். பின்னால், கணவனும் போன பிறகு, காசியில் ஒரு பணக்கார வீட்டில் சமையல்காரியாக அவளே பிறர் தயவில் நிற்கிறாள். இரண்டையும் தராசில் வைத்துக் கணக்கை நேர் செய்யும் வேலையை விபூதிபூஷண் ஏற்கவில்லை. தொடர்ச்சியான 'அபராஜிதோ'வில் அவள் சாவுச் செய்தி கேட்ட மகனுக்கு முதல் கணம் தோன்றுவது ஒருவித விடுதலை உணர்வு. உடனே அவன் அதிர்ந்துபோகிறான். அந்த மகனுடைய அன்பைச் சந்தேகிக்கவும் முடியவில்லை, அந்தக் கணத்தை மறக்கவும் முடியவில்லை.

இவர்களோடு வைத்துப் பார்க்கும்போது ஜெயகாந்தனின் கங்கா ஏன் நழுவிப் போகிறாள் என்பது புலப்படுகிறது. 'சில நேரங்களில் சில மனிதர்கள்' (1970) நாவலின் துணிச்சலை நான் மறுக்கவில்லை. ஆனால் கங்கா தன்னைத் தானே முழுக்கச் சொல்லிவிடுகிறாள்; மிச்சத்தைப் பிறர் சொல்லிவிடுகிறார்கள்; போதாததற்கு ஆர்.கே.வி. என்ற கதாசிரியர் ஒருவரும் கதைக்குள்ளேயே இருக்கிறார். வாசகனுக்கு ஒரு கட்சியில் சேர்வது தவிர வேலை எதுவும் இல்லை. அதற்கு மூலமான 'அக்கினிப் பிரவேசம்' கதையில் மகளின் தலையில் நீரை ஊற்றும் அம்மாவின் கை, அவள் சொல்லும் நியாயத்தைக் காட்டிலும் பெரியதாக இருக்கிறது. கை நினைவிருக்கிறது, நியாயம் விவாதமாகக் கரைந்துவிட்டது.

ஒரு ஆட்சேபம் எழும். காரணத்தைச் சொல்லாமல் விடுவது எளிது. மூட்டத்தை ஆழம் என்று விற்பவர்கள் நம்மிடையே குறைவில்லை. உண்மைதான். ஆனால் மேலே சொன்ன நால்வரிடமும் மூட்டம் எதுவும் இல்லை. அவர்கள் என்ன செய்தார்கள், எதைச் சொன்னார்கள், எப்போது வாயை மூடிக்கொண்டார்கள் என்பது துல்லியமாக இருக்கிறது. காரணம்தான் நம்மிடம் விடப்பட்டிருக்கிறது. மூட்டமான எழுத்தில் காரிய விவரமே கலங்கிக் கிடக்கும், காரணம் மட்டும் பெரிய வார்த்தைகளில் மின்னும்.

இதில் நம் வட்டத்துக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. சுந்தர ராமசாமியின் 'ஜே. ஜே: சில குறிப்புகள்' (1981) வந்த நாளிலிருந்து நமக்குப் பிடித்த பாத்திரம் என்றால் ஜே. ஜே.தான். அவனை நாம் மேற்கோள்களாக நினைவில் வைத்திருக்கிறோம். கழற்றி எடுக்கிறோம், கட்டுரைகளில் பொருத்துகிறோம். அவன் நம்மைப் போல, நம்மைவிடக் கூர்மையாக, நம் எரிச்சல்களைப் பேசுகிறான். தண்டபாணியிடமிருந்து எடுத்துப் பொருத்த ஒரு வரி கிடையாது. டீச்சரம்மா நம் சண்டை எதிலும் நமக்குச் சாட்சி சொல்ல மாட்டாள். பேசத் தெரிந்த பாத்திரங்களை மட்டுமே ஏற்கும் ஒரு ரசனை, பேசத் தெரிந்த மனிதர்களை மட்டுமே மனிதர்களாக எண்ணும் இடத்துக்கு வந்து சேரும். வாரப் பத்திரிகை வாசகன் நல்லவர்களைத் தேடினான் என்று சிரிக்கிறோம். நாம் நம்மைத் தேடியிருக்கிறோம்.

எனவே வருஷக் கடைசிக் கேள்வியை நாமும் கேட்டுக்கொள்ளலாம். ஒரு சிறு மாற்றத்தோடு: எந்தப் பாத்திரத்தைப் பற்றி உங்களால் இன்னும் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை? என் பதில், இந்த வருஷம், சர்வஜயா. கிழவி வாசலில் நிற்கிறாள். உள்ளே அரிசி கொஞ்சம்தான் இருக்கிறது.