கண்டி அரண்மனை: காட்சியும் வரலாறும்

அரசனை இழந்த அரண்மனை காலப்போக்கில் காட்சிப்பொருளாகின்றது. அதன் எப்பகுதி பார்வைக்கு வைக்கப்படுகின்றது, எப்பகுதி கவனத்திலிருந்து நழுவிவிடுகின்றது என்பதை நோக்குமிடத்து, வரலாறு எவ்வாறு எடுத்துரைக்கப்படுகின்றது என்பதும் புலனாகும். இவ்வகையிற் கண்டி அரண்மனை தனித்து ஆராயத்தக்கது.

கண்டிக்கு வரும் உல்லாசப் பயணிகளும் யாத்திரிகரும் தலதா மாளிகையை நாடியே வருகின்றனர். அதனைச் சூழவுள்ள கட்டடங்கள் யாவும் ஒரே அரண்மனையின் உறுப்புக்கள் என்னும் உணர்வு அவர்களுட் பெரும்பாலார்க்கு எழுவதில்லை. அரசனின் வாசஸ்தலம் தொல்பொருள் நூதனசாலையாகவும், அரசியர் வாழ்ந்த ‘பல்லே வாகல’ தேசிய நூதனசாலையாகவும் உள்ளன. எண்கோண மண்டபமான ‘பத்திரிப்புவ’ ஏட்டுச்சுவடிகளைக் காக்கும் நூலகமாக விளங்குகின்றது. அரசியர் நீராடிய மண்டபம் குளக்கரையில் ஒதுங்கி நிற்கின்றது. ஒவ்வொன்றும் தனித்தனியே காணப்படுவதால் முழுமை மறைந்துவிடுகின்றது.

இச்சிதைவு தற்செயலானதன்று. முதலாம் விமலதர்மசூரியன் (1592-1604) கண்டியில் அரண்மனையும் தந்ததாதுவுக்கான மாளிகையும் அமைத்த காலந்தொட்டு, தந்ததாதுவைக் காப்பவனே அரசனாதற்குரியவன் என்னும் கருத்து வலுப்பெற்றது. அரச வாசஸ்தலமும் தாதுக் கோயிலும் அருகருகே அமைந்தமை இவ்வரசியலின் கட்டட வடிவமேயாகும். போர்த்துக்கேயரின் படையெடுப்புக்களையும், 1765இல் ஒல்லாந்தரின் சூறையாடலையும் தாங்கி, அழிந்துழிப் புதுப்பிக்கப்பட்டு இத்தொகுதி நிலைத்தது. ஆனால் 1815இன் பின் ஆங்கிலேயர் இவ்விணைப்பை அறுத்தனர். அரசனின் மனையில் ஆங்கில அதிகாரி ஜோன் டொயிலி குடியேறினார். நீராடு மண்டபம் நூலகமாயிற்று. அரசவை கூடிய ‘மகுல் மடுவ’ நீதிமன்றமாகப் பயன்பட்டது. கோயில் கோயிலாகவே எஞ்ச, அரண்மனை அலுவலகங்களாகச் சிதறிற்று.

அரண்மனை சிதறியதனால் அதனை இறுதியாக ஆண்ட வமிசத்தின் வரலாறும் சிதைவுற்றது. நரேந்திரசிங்கனுக்குப் பின், 1739இல், மதுரையிலிருந்து வந்த அவனது பட்டத்தரசியின் சகோதரன் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்னும் பெயருடன் முடிசூடினான். அன்று தொடங்கிய நாயக்கர் ஆட்சி 1815 வரை நீடித்தது. இவ்வரசர்களைப் பற்றி இருவகைக் கூற்றுக்கள் வழங்குகின்றன. அவர்களை அந்நியர் என ஒதுக்குவது ஒன்று. தமிழரசர் எனப் பெருமிதத்தோடு உரிமை பாராட்டுவது மற்றொன்று. இரண்டும் ஒரே தவற்றின் இரு முகங்களாகும். பிற்காலத்து இனவுணர்வை இரண்டுமே முற்காலத்தின்மீது ஏற்றுகின்றன. பிறப்பு அக்காலத்திலும் அரசியல் ஆயுதமாகப் பயன்பட்டதை மறுப்பதற்கில்லை. சீயத்திலிருந்து பிக்குகளை வருவித்து 1753இல் உபசம்பதையை மீட்டளித்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனுக்கு எதிராகவே 1760இல் சதியொன்று உருவாயிற்று. ஆயினும் அச்சதி முறியடிக்கப்பட்டது; அவன் 1782 வரை அரசாண்டான்.

இவ்விடத்து ஏட்டுச் சான்றினும் கட்டடச் சான்று தெளிவாகப் பேசுகின்றது. மதுரையில் 17ஆம் நூற்றாண்டில் எழுந்த திருமலை நாயக்கர் மகாலை நினைவுகூர்வோம்: வானளாவிய சுதைத்தூண்கள், அகன்ற வளைவுகள், காண்போரைச் சிறுமையுறச் செய்யும் பேருருவம். இராஜாதி ராஜசிங்கன் தொடங்கி ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் நிறைவேற்றிய மகுல் மடுவவோ சுவர்களற்ற திறந்த மண்டபம், செதுக்கிய மரத்தூண்கள், சரிந்திறங்கும் ஓட்டுக்கூரை. மதுரையோடு உறவுபூண்ட வமிசம் கண்டியில் மதுரையைக் கட்டவில்லை. கண்டியின் கலைமரபிலேயே தன்னை வெளிப்படுத்திக்கொண்டது. அதேவேளை, அரண்மனைக்கு எதிரேயுள்ள நாத தேவாலயத்தின் கற்கோயில் தென்னிந்தியச் சாயலுடையது. அது 14ஆம் நூற்றாண்டினது. நாயக்கர் வருமுன்னரே தென்னிந்தியக் கலை இங்கு வேரூன்றியிருந்தது. அவர்கள் வந்தபின்பும் உள்ளூர்க் கலை தன் வழியே வளர்ந்தது. இரத்தக் கலப்பையோ தூய்மையையோ கொண்டு இக்கட்டடங்களை விளக்க முற்படுவோர் இவ்வுண்மைமுன் வாயடைத்து நிற்கவேண்டியவராவர்.

கலையைப் போற்றுகையில் உழைப்பை மறத்தலாகாது. ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் பெருநூல், கண்டிக் கைவினைஞரின் கலை நிலவுரிமையோடும் அரச சேவையோடும் பிணைந்திருந்தமையை விளக்கிற்று. ஆனால் அவர் கண்ட இசைவான சமுதாயத்துக்கு மறுபுறமும் உண்டு. பத்திரிப்புவவை அமைத்த சிற்பி தேவேந்திர மூலாச்சாரியின் பெயரை வரலாறு காத்துள்ளது. அக்காலத்திலேயே வயல்நிலத்தைக் குளமாக்க இராசகாரியத்தின் பெயரால் மண் சுமந்தோரின் பெயர்கள் எங்குமில்லை. அக்கட்டாய உழைப்பு மக்களிடையேயும் பிரதானிகளிடையேயும் வெறுப்பை வளர்த்தது. குளக்கரையின் முகில் வடிவ மதில் முற்றுப்பெறாது நிற்பது அவ்வாட்சியின் முடிவுக்கே சாட்சியாகும். எனினும், கொடுங்கோலனிடமிருந்து மக்களை விடுவித்ததாகக் கூறிக்கொண்ட ஆங்கிலேயர் அதே இராசகாரியத்தைக் கொண்டே 1820களில் கொழும்பு - கண்டி வீதியை அமைத்தனர். 1832இலேயே அது ஒழிக்கப்பட்டது. அழகு, கொடுமை, அக்கொடுமையைக் காட்டித் தம்மை நியாயப்படுத்திய மற்றொரு கொடுமை ஆகிய மூன்றையும் ஒருங்கே காணாத வரலாறு குறைவரலாறே.

அரண்மனையின் சிதறல் கண்டியோடு நின்றுவிடவுமில்லை. 1693இல் ஒல்லாந்தர் இரண்டாம் விமலதர்மசூரியனுக்குப் பரிசளித்த சிம்மாசனம் 1815இல் இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1934இல் திருப்பியளிக்கப்பட்டது. இன்று அது கொழும்புத் தேசிய நூதனசாலையில் உள்ளது. அதில் இறுதியாக அமர்ந்த அரசன் 1815 பெப்ரவரியிற் சிறைப்பட்டு, மறுவருடம் வேலூருக்கு நாடுகடத்தப்பட்டு, 1832இல் அங்கேயே இறந்தான். வேலூர்க் கோட்டையினுள் ‘கண்டி மகால்’ உண்டு. அவன் சமாதி பாலாற்றங்கரையில் இருக்கின்றது. சிம்மாசனம் ஓரிடம், அரசன் ஓரிடம், அரண்மனை வேறோரிடம்!

கண்டிப் புனித நகரம் 1988இல் உலக மரபுரிமைத் தலமாக ஏற்கப்பட்டது. கட்டடங்களைப் பேணுதல் அவ்வேற்பின் முதற்கடமை; அவற்றிடையேயுள்ள உறவை விளக்குதல் அதற்குக் குறைந்ததன்று. கோயிலின் புனிதத்தைப் பேணியவாறே, அரண்மனைத் தொகுதி முழுவதையும் ஒரே வரலாறாகக் காட்டும் வரைபடமும் விளக்கமும் வருவோர்க்குக் கிட்டுதல் வேண்டும். அவ்விளக்கத்தில் தாதுவைக் காத்த அரசனும், மரத்தைச் செதுக்கிய சிற்பியும், மண்சுமந்த குடியானவனும், வேலூரில் மாண்ட கைதியும் இடம்பெறுதல் வேண்டும். மகுல் மடுவவின் தூண்கள் எவ்வினத்துக்கு உரியவை என்னும் பூசலைவிட, அவை எத்தனை கைகளால் எழுந்தன என்னும் வினாவே மாணவருலகுக்குப் பயன்தருவதாகும்.